ஹைட்ராஞ்சியாவுக்கு இடமும் மண்ணும் பார்க்க மூன்று வேலை மண் மீட்டர் உதவுமா?

இணையக் கடைகளில் தோட்டக் கருவிகள் என்று தேடினால் முதல் பக்கத்திலேயே ஒரு மண் மீட்டர் வந்து நிற்கும். உள்ளங்கையளவு பச்சைத் தலை, அதன் கீழே ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில் இரண்டு உலோகக் கம்பிகள், முகப்பில் ஒரு முள், ஈரம், வெளிச்சம், பி.எச். (மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே போகப் போக அமிலம்) என்று மூன்று நிலைகளுக்கு நகரும் ஒரு சிறு விசை. பேட்டரி கிடையாது, விலையும் சில நூறு ரூபாய்தான். ஒரே அமைப்புடைய இந்தக் கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால், இங்கே நான் எழுதுவதை ஒரு நிறுவனத்தின் பொருளைப் பற்றியதாகக் கொள்ளாமல், அந்த வகைக் கருவி முழுவதையும் பற்றியதாகக் கொள்ள வேண்டுகிறேன். குன்னூரில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஹைட்ராஞ்சியா நடுவதற்கு ஏற்ற இடத்தையும் மண்ணையும் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தினேன். வெளிச்சம், ஈரம், மண்ணின் அமிலத்தன்மை ஆகிய மூன்றில் எது மாறினாலும் அந்தச் செடி அதை இலையிலோ பூவிலோ ஒளிக்காமல் காட்டிவிடும் என்பதால், இந்தக் கருவியைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான செடி வேறு இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பார்க்க இந்தக் கருவி உண்மையாகவே உதவுகிறது. ஈரத்தைப் பொறுத்தவரை, ஒரே தோட்டத்தின் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுகிறது. பி.எச். அளப்பதற்கு இதை நம்பி ஒரு பிடி உரம்கூடப் போடக் கூடாது. ஆனால் ஹைட்ராஞ்சியா வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் இதை வாங்குவது பி.எச். பார்ப்பதற்காகத்தான் என்பதால், எந்த அளவீட்டை எதற்காக நம்பலாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் வீட்டு வாசல்களிலும் சாலையோரங்களிலும் நாம் பார்க்கும் பந்துப் பூ ஹைட்ராஞ்சியா, மேக்ரோஃபில்லா என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஜப்பானின் கடற்கரைப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட அந்த இனத்துக்குக் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் வேண்டும், நண்பகலுக்குப் பிறகு நிழல் வேண்டும். வெயிலே படாத இடத்தில் இலை செழித்து வளரும், ஆனால் பூ குறைந்துவிடும். மாலை வரை வெயில் காயும் இடத்தில் வேரடி நனைந்திருந்தாலும் இலை தொங்கிப்போகும், பூவிதழ்களின் ஓரம் காகிதம்போல் காய்ந்துவிடும். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லி இதழ் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரணப் பூவிதழைவிட அது நெடுநாள் தாங்கும் என்பதால், ஒரு மே மாதப் பிற்பகலில் பட்ட வெயில் காயம் வாரக்கணக்கில் செடியிலேயே தெரிந்துகொண்டிருக்கும்.

இந்த வெளிச்ச அளவைக் கண்ணால் மதிப்பிடுவது நாம் நினைப்பதைவிடக் கடினம். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால், மரத்தடியில் சிறிது நேரம் நின்றால் அந்த இடமும் போதிய வெளிச்சம் உடையதாகவே தோன்றும். கருவியின் தலையிலுள்ள சிறு ஒளிமின்கலத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. திறந்த வெளியில் முழு வெயிலில் பிடித்தால் முள் 2000 என்ற கடைசிக் கோட்டில் போய் முட்டுகிறது. அதே நேரத்தில் பத்தடி தள்ளி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெருக்கமாக வளர்ந்த சீகை (வாட்டில்) மரங்களின் கீழே பிடித்தால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த எண்களை அறிவியல் அலகுகளாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த இடத்தைவிட அந்த இடம் எத்தனை மடங்கு இருண்டது என்று தெரிவதே இடம் தேர்வுக்குப் போதும். ஒளிமின்கலம் வானத்தைப் பார்த்திருக்கும்படி, செடியின் தலை வரக்கூடிய உயரத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டு மூன்று அடி மேலே, கருவியைப் பிடிக்க வேண்டும். தரையில் குத்திவிட்டு அளந்தால் பக்கத்துப் புல்லின் நிழலைத்தான் அளந்ததாகும்.

ஒருமுறை அளந்து பார்ப்பதால் பயன் இல்லை. மேகமில்லாத ஒரு நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மணிக்கொரு முறை அளந்து ஒரு தாளில் எழுதி வைத்தால்தான், ஓரிடத்தில் வெயில் எப்போது வருகிறது, எப்போது விலகுகிறது என்பது விளங்கும். எங்கள் வீட்டில் கிழக்குச் சுவரை ஒட்டிய பாத்தியில் எட்டு மணி முதல் பதினொன்றரை வரை முள் உச்சியில் நின்றது. அதன் பிறகு வீட்டின் நிழல் விழுந்து பாதிக்கும் கீழே வந்தது. ஹைட்ராஞ்சியாவுக்கு இதைவிடச் சிறந்த அட்டவணை கிடைப்பது அரிது. மேற்குப் பக்கத்தில் இதே அளவு மணி நேரம் வெயில் விழுந்தாலும் அது பிற்பகல் வெயில், சூடேறிய காற்றோடு சேர்ந்து வரும் வெயில். மொத்த மணி நேரம் ஒன்றாக இருந்தாலும் செடிக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. கருவி வெளிச்சத்தை மட்டுமே சொல்லும், வெப்பத்தைச் சொல்லாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும்.

திசையைப் பற்றி இன்னொரு செய்தியையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேலைநாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் படிப்பவர்கள், வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக்கு அது பொருந்தும். குன்னூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகை சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஹைட்ராஞ்சியா மொட்டு விட்டுப் பூத்து நிற்கும் காலத்தில் பெரும்பகுதி அதுவே. டிசம்பரில் வடக்குச் சுவரோரம் இந்தக் கருவியைப் பிடித்துவிட்டு நிழலான இடம் என்று முடிவு செய்து நட்டால், மே மாத நண்பகலில் அதே இடத்தில் வெயில் நேராக இறங்கும். வெளிச்சத்தைக் கோடையில் ஒருமுறை, பனிக்காலத்தில் ஒருமுறை அளப்பதே முறை. காத்திருக்க முடியாதவர்கள் கோடைக்கால அளவையே நம்ப வேண்டும், ஏனென்றால் செடி துன்பப்படுவது கோடையில்தான்.

அடுத்தது ஈரம். முகப்பில் 1 முதல் 10 வரை கோடிட்டு, முதல் மூன்றைக் காய்ந்தது என்றும் கடைசி மூன்றை நனைந்தது என்றும் வண்ணத்தால் பிரித்திருக்கிறார்கள். கம்பிகளை மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, சில நொடிகள் பொறுத்து முள்ளைப் பார்க்க வேண்டும். இந்த முள் எதனால் நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் இதன் வலிமையும் குறையும் தாமே புலப்படும். கம்பிகளில் ஒன்று செம்பு சேர்ந்தது, மற்றொன்று அலுமினியம் அல்லது துத்தநாகம் போன்ற வேறு உலோகம். ஈர மண்ணில் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி மிகக் குறைந்த மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன, அந்த மின்னோட்டமே முள்ளைத் தள்ளுகிறது. மண்ணில் நீர் கூடினால் மின்னோட்டம் கூடும் என்பது உண்மை. ஆனால் நீரில் கரைந்த உப்பு கூடினாலும் அது கூடும்.

இதை யார் வேண்டுமானாலும் சமையலறையில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குவளையில் பிடித்து வைத்த மழை நீரில் கம்பிகளை நிறுத்துங்கள். தண்ணீரிலேயே நின்றாலும் முள் பாதியளவுக்குத்தான் வரும், சில கருவிகளில் அதுவும் வராது. அதே குவளையில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினால் முள் துள்ளி எழுந்து கடைசிக்குப் போய்விடும். தண்ணீரின் அளவு ஒரு துளியும் மாறவில்லை, உப்பு மட்டுமே மாறியது. ஆகவே ரசாயன உரம் போட்ட பாத்தி, போடாத பாத்தியைவிட ஈரமானதாக இந்தக் கருவிக்குத் தோன்றும். உரம் இட்ட மறுநாள் இதை மண்ணில் குத்தி, ஈரம் நிறைய இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றாமல் விட்டால், வாடுவது செடிதான்.

ஆயினும் இடம் பார்க்கும் கட்டத்தில், அதாவது இன்னும் எந்த உரமும் போடாத மண்ணில், ஒரே நாளில் ஒரே ஆழத்தில் பல இடங்களை அளந்து ஒப்பிடுவதற்கு இது நன்றாகவே உதவுகிறது. மழை ஓய்ந்த மறுநாளும், அதிலிருந்து நான்கைந்து நாள் கழித்தும் அளந்தால், எந்த இடம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, எது உடனே விட்டுவிடுகிறது என்று தெரியும். எங்கள் தோட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு பெரிய கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நிற்கிறது. அதனடியில் நிழல் அழகாகச் சிதறி விழுவதால், ஹைட்ராஞ்சியாவுக்கென்றே அமைந்த இடம்போல் கண்ணுக்குத் தெரியும். மழைக்கு மறுநாள் அங்கே முள் 7 காட்டியது, சில நாட்களில் 2-க்கு வந்துவிட்டது. அதே நாட்களில் கிழக்குப் பாத்தி 7-லிருந்து 5-க்குத்தான் இறங்கியிருந்தது. காரணம் மரத்தின் வேர். 1843-இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காகப் பரப்பப்பட்ட அந்த மரவகை வேகமாக வளரக்கூடியது. மேல்மண்ணில் பரந்து கிடக்கும் அதன் வேர்களோடு, தானும் மேல்மண்ணிலேயே வேர் பரப்பும் ஹைட்ராஞ்சியா போட்டியிட்டு வெல்ல முடியாது. நிழல் வேண்டும் என்பதற்காகக் கற்பூர மரத்தையோ சீகை மரத்தையோ தேடிப் போகாமல், சுவரின் நிழலையோ ஆழமாக வேர் விடும் மரத்தின் நிழலையோ தேடுவதே நல்லது.

எதிர்முனையில் உள்ள ஆபத்து தண்ணீர் தேங்குவது. ஹைட்ராஞ்சியாவுக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் நீரில் நிற்கப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குன்னூருக்கு வரும் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாது பெய்யும்போது, சரிவின் அடியில் உள்ள சமதளங்களில் வேர் அழுகிவிடும். இந்த இடத்தில் மீட்டரை எடுத்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும். ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் இடம் நல்லது. அசையாமல் நின்றால் அங்கே நடாதீர்கள், அல்லது பாத்தியை உயர்த்துங்கள். கருவியின் முள் 10 என்று காட்டுவதில், நேற்று பெய்த மழையும் நிரந்தரமாகத் தேங்கும் நீரும் பிரிந்து தெரியாது. குழியில் அது தெரிந்துவிடும்.

உதகை போன்ற இன்னும் உயரமான ஊர்களில் உள்ளவர்களுக்குப் பள்ளமான இடத்தால் இன்னொரு கேடும் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கித் தாழ்வான சமதளங்களில் தங்குகிறது, உறைபனி முதலில் விழுவதும் அங்கேதான். இந்த இனம் பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும் என்பதால், உறைபனியில் அந்த நுனி கருகினால் செடி உயிரோடு இருந்தும் அந்த ஆண்டு பூ இருக்காது. சரிவின் நடுப்பகுதியே பாதுகாப்பானது. எந்த மீட்டரும் இதைச் சொல்லப்போவதில்லை, காலையில் எழுந்து புல்லின்மேல் வெண்மை எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இனி பி.எச். எனக்கு மிகவும் ஏமாற்றம் தந்த பகுதி இது. விசையை அந்த நிலைக்கு நகர்த்தினால் முகப்பில் 3.5 முதல் 8 வரையான கோடுகளைப் படிக்க வேண்டும். நீலகிரியின் செம்மண் அமிலத்தன்மை உடையது என்பதற்கு ஆய்வகச் சான்று தேட வேண்டியதில்லை, சுற்றிலும் தேயிலை விளைகிறதே, அதுவே சான்று. தேயிலைக்கு உகந்த மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. எங்கள் வேலிக்கு அப்பால் தேயிலைத் தோட்டம். வேலிக்கு இப்பால், சுண்ணாம்போ சாம்பலோ படாத மண்ணில் கருவி 7 காட்டியது. கற்பூர மரத்தடியில் 7, கிழக்குப் பாத்தியில் 7-க்குச் சற்றுக் கீழே. நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அளந்தபோது கொஞ்சம் இறங்கியது, அதுவும் 6-க்குக் கீழே போகவில்லை. அதே மண்ணை நீரில் கரைத்து, பி.எச். மட்டும் அளக்கும் பேனா வடிவக் கருவியான பி.எச். பேனாவால் அளந்தபோது 5.1 வந்தது.

இது ஒரு கருவியின் பழுது அன்று, அமைப்பின் குறை. ஈரத்துக்கு முள்ளைத் தள்ளிய அதே மின்னோட்டந்தான், சற்று வேறான மின்தடையின் வழியாக, பி.எச். என்ற பெயரிலும் முள்ளைத் தள்ளுகிறது. ஹைட்ரஜன் அயனிகளைத் தனியே இனங்காணும் கண்ணாடிக் குமிழ் எதுவும் இதில் இல்லை. மண் காய்ந்திருந்தால் மின்னோட்டம் இல்லை, முள் ஓய்வு நிலையான 7-இன் பக்கமே நிற்கும். உப்பு இருந்தால் மின்னோட்டம் கூடி, மண் அமிலமானதுபோல் காட்டும். பி.எச். அளவு ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால், 5-க்கும் 7-க்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு மடங்கு. அந்தப் பிழையை நம்பி, மண்ணை அமிலமாக்க வேண்டும் என்று கந்தகமோ அலுமினியம் சல்பேட்டோ கொட்டினால், ஏற்கெனவே போதிய அமிலமுள்ள மண்ணில் வேர் கருகும்.

ஹைட்ராஞ்சியாவில் இந்தப் பிழை பெரிதாவதற்குக் காரணம் அதன் பூ நிறம். நீலப் பூவிலும் இளஞ்சிவப்புப் பூவிலும் இருப்பது டெல்ஃபினிடின் வகையைச் சேர்ந்த ஒரே நிறமிதான். அந்த நிறமியோடு அலுமினியம் வந்து பிணைந்தால் நீலம், பிணையாவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் ஏறத்தாழ எல்லா மண்ணிலும் இருக்கிறது, ஆனால் பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால்தான் அது கரைந்து வேருக்குப் போகும். 6.5-ஐ நெருங்கும்போது மண்ணோடு மண்ணாகப் பூட்டிக்கொள்ளும். இடைப்பட்ட அளவில் ஒரே செடியில் ஊதாவும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்து வரும். 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்தும் கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகிவிடும். வெள்ளைப் பூ வகைகளில் அந்த நிறமி இல்லாததால் மண்ணால் அவற்றின் நிறம் மாறாது. வெள்ளைச் செடியை வாங்கி வந்து நீலமாக்க முயல்வோருக்கு எந்தக் கருவியும் எந்த மருந்தும் உதவாது.

எங்கள் தெருவிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று நிற்கிறது. ஒரு பழைய வீட்டின் சுவரோரம் பரந்து வளர்ந்த ஒற்றைச் செடி, சாலைப் பக்கம் தெளிந்த நீலத்திலும் சுவர்ப் பக்கம் இளஞ்சிவப்பிலும் பூக்கிறது. ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும்போது சிந்தும் சுண்ணாம்பும், மழையில் கரைந்து இறங்கும் காரைப் பூச்சும் சுவரடி மண்ணின் அமிலத்தைக் குறைத்திருக்கின்றன. இரண்டு பக்கத்து மண்ணையும் அந்த வீட்டாரின் அனுமதியோடு ஒரு கைப்பிடி எடுத்து வந்து அளந்தேன். பேனாவில் சாலைப் பக்கம் 5-ஐ ஒட்டியும், சுவர்ப் பக்கம் 6.5-ஐ ஒட்டியும் வந்தது. மீட்டரின் முள்ளுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. செடிக்கே தெரிந்த வேறுபாட்டைக் கருவியால் காண முடியவில்லை என்பதைவிட அதன் பி.எச். பகுதியைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் தேவையில்லை.

சுவரடி மட்டுமல்ல, தோட்டத்தின் பழைய வரலாறும் இந்த மலையில் முக்கியம். இன்று வீட்டு மனையாக இருக்கும் பல இடங்கள் முன்பு உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைந்த நிலங்கள். அந்தப் பயிர்களுக்காக மண்ணின் புளிப்பைக் குறைக்க டோலமைட்டும் சுண்ணாம்பும் போட்டிருப்பார்கள். தேயிலை நிலத்திலும் கவாத்துச் சுற்றுக்கு ஒருமுறை டோலமைட் இடும் வழக்கம் உண்டு. விறகடுப்புச் சாம்பலைச் செடிக்கு நல்லது என்று கொட்டும் பழக்கமும், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் பழக்கமும் அதே விளைவைத்தான் தரும். மற்றக் காய்கறிகளுக்கு அவை நன்மை செய்யலாம், நீலப் பூ வேண்டுவோர் ஹைட்ராஞ்சியாவின் பக்கம் அவற்றைக் கொண்டுபோகவே கூடாது. எலும்புத் தூளும் அப்படியே. அதிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் குறைந்த உரமே நீலத்துக்கு ஏற்றது.

அப்படியானால் பி.எச். பார்க்க என்ன செய்வது? கண்ணாடிக் குமிழ் உள்ள பி.எச். பேனா இந்த மீட்டரைவிடச் சற்றுக் கூடுதல் விலையில் கிடைக்கிறது. 4.01, 6.86 என்று எழுதிய பொடிப் பொட்டலங்கள் அதனுடன் பெரும்பாலும் வரும். அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து முதலில் பேனாவைச் சரிபார்க்க வேண்டும். பிறகு நடவிருக்கும் இடத்தில் நாலைந்து புள்ளிகளில், மேற்பரப்புச் சருகை ஒதுக்கிவிட்டு அரையடி ஆழத்தில் மண் எடுத்து, நிழலில் உலர்த்திச் சலித்து, 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி அளக்க வேண்டும். நம் நாட்டு ஆய்வகங்கள் கடைப்பிடிக்கும் விகிதமும் இதுதான். பேனாகூட வேண்டாம் என்பவர்கள் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பரிசோதிக்கும் 12 கூறுகளில் பி.எச். ஒன்று. அலுமினியம் அந்தப் பட்டியலில் இல்லை, நீலகிரிச் செம்மண்ணில் அதற்குக் குறைவில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையும் இல்லை.

5 முதல் 5.5 வரை பி.எச். இருந்தால் மண்ணை மாற்ற எதையும் செய்யாதீர்கள். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, எடுத்த செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்கு மட்கிய தொழு உரமும் இலை மட்கும் கலந்து நிரப்பி, மேலே சருகு மூடாக்குப் போட்டால் போதும். பச்சைக் கோழி எருவைத் தவிர்க்க வேண்டும். 6-க்கு மேல் இருந்து, நீலமும் வேண்டும் என்றால், நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேட் என்ற அளவில் கரைத்து, முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி நனைத்த மண்ணில் ஊற்றலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்திலும் அலுமினியம் உண்டு. மொட்டு வைப்பதற்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும், விரிந்துவிட்ட பூ நிறம் மாறாது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் நீலம் வரும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆணி தருவது இரும்பு, வேண்டியது அலுமினியம், ஆகவே அதில் பயனில்லை. இளஞ்சிவப்பை விரும்புவோரும் உண்டு, அவர்கள் சுவரோர இடத்தைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆடு, மாடு கட்டும் இடத்தின் அருகிலும், நாய்க்குட்டி திரியும் இடத்திலும் இதை நட வேண்டாம் என்று மட்டும் இடையில் சொல்லிவைக்கிறேன். இலையும் மொட்டும் விலங்குகளுக்கு நச்சு.

கருவியின் உழைப்பைப் பற்றி: கம்பிகளைக் கல் நிறைந்த மண்ணில் அழுத்தினால் வளைந்துவிடுகின்றன, ஒரு மெல்லிய குச்சியால் துளையிட்டுவிட்டு இறக்க வேண்டும். அளந்தவுடன் துடைக்காமல் மண்ணிலேயே விட்டால் கம்பியின் மேற்பூச்சு அரித்து, ஈரத்தின் அளவும் தவறத் தொடங்குகிறது. வெளிச்சமும் ஈர ஒப்பீடும் மட்டும் போதும் என்று கருதுபவர்கள், பி.எச். இல்லாத இரண்டு வேலைக் கருவி மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்கலாம். பி.எச். பார்ப்பது ஒன்றே நோக்கமானால் இதை வாங்காமல் அந்தப் பணத்தைப் பேனாவில் சேர்த்துவிடுவதே என் பரிந்துரை.

கோவையிலோ சென்னையிலோ தொட்டியில் ஹைட்ராஞ்சியா வைக்க விரும்புவோர், மலையிலிருந்து நீலப் பூவோடு வாங்கிச் சென்ற செடி அடுத்த முறை இளஞ்சிவப்பாகப் பூத்தது ஏன் என்று கேட்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது மண்ணை மட்டுமல்ல, ஊற்றும் தண்ணீரையும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர், எவ்வளவு நல்ல அமில மண்கலவையையும் சில மாதங்களில் மாற்றிவிடும். உப்பு நீரில் இந்த மீட்டரின் ஈர முள் எப்போதும் நனைந்தது என்றே காட்டும் என்பதால், சமவெளித் தொட்டிகளுக்கு அதன் ஈர அளவும் பயன்படாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்தே தண்ணீர் ஊற்ற வேண்டும். மாடியில் மழை நீரைப் பிடித்து வைத்து அதையே ஊற்றுவதும், தொட்டியைக் கிழக்கு நோக்கிய பால்கனியில் காலை பத்து மணிக்கு மேல் வெயில் படாதபடி வைப்பதும், சிமென்ட் தொட்டிக்குப் பதிலாகச் சுட்ட மண் தொட்டியையோ பிளாஸ்டிக் தொட்டியையோ எடுப்பதும் அங்கே எந்தக் கருவியையும்விட முதலில் செய்ய வேண்டியவை.